பள்ளியில் சொல்லித்தராத ஆங்கிலம்: பிரிட்டனில் புதிதாகக் குடியேறும் தமிழர்களுக்கு

பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்து, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கி, வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ பிரிட்டனில் வந்து இறங்கும் தமிழர் பலர், கடைக்காரர் கேட்கும் மிக எளிய கேள்வியைக்கூட இரண்டு மூன்று முறை திருப்பிக் கேட்க வேண்டியிருப்பதைக் கண்டு திகைத்துப்போகிறார்கள். இலக்கணமோ சொல்வளமோ போதாமையால் இது நேர்வதில்லை. நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கண்ணால் கற்றவர்கள். நமக்குக் கற்பித்தவர்களும் அப்படியே கற்றவர்கள். இங்கே அந்த மொழி ஒலியாக வருகிறது. அந்த ஒலியோ எழுத்தோடு பல இடங்களில் ஒட்டுவதே இல்லை. எனவே இன்னொரு இலக்கண நூலை வாங்குவதற்கு முன்பு, தெரிந்த ஆங்கிலத்தையே காதின் வழியாக மறுபடியும் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை என்பது என் கருத்து. அதை எங்கே தொடங்கலாம், எதில் அதிக உழைப்பைச் செலுத்தலாம், எதை விட்டுவிடலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள்

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று கணக்கு உண்டு. சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும் உயிரொலி ஏறக்குறைய தன் அளவை இழப்பதில்லை. விதிவிலக்காக நாம் படித்தது குற்றியலுகரம். 'நாடு', 'பாக்கு' போன்ற சொற்களின் இறுதியில் உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதை நாம் உணராமலேயே செய்கிறோம். ஆங்கிலமோ அந்தக் குறுக்கத்தைச் சொல்லின் எந்த இடத்திலும், எந்த உயிருக்கும் செய்கிறது. ஒரு சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெற்றுவிட்டால், மற்ற அசைகளின் உயிர்கள் பெரும்பாலும் மங்கி, அகரத்துக்கும் உகரத்துக்கும் இடைப்பட்ட ஒரு தெளிவற்ற ஒலியாகத் தேய்ந்துவிடுகின்றன. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுவே. ஆனால் இதற்கென ஓர் எழுத்து கிடையாது என்பதால், கண்ணால் கற்றவர்களுக்கு இப்படி ஓர் ஒலி இருப்பதே தெரிவதில்லை.

இதன் விளைவு இரு பக்கமும் இருக்கிறது. 'கம்ஃபர்டபிள்' என்று நான்கு அசைகளாக நாம் எதிர்பார்க்கும் சொல் 'கம்ஃப்டபிள்' என்று மூன்றாக வருகிறது. 'வெஜிடபிள்' என்பது 'வெஜ்டபிள்' ஆகிவிடுகிறது. நம் காது அவற்றைத் தவறவிடுகிறது. மறுபக்கத்தில், 'டெவலப்' என்று முதல் அசையை அழுத்தி நாம் சொல்வதைக் கேட்பவர் ஒரு கணம் விழிக்கிறார், ஏனெனில் அவர் காதில் அந்தச் சொல் இரண்டாம் அசை ஓங்கிய 'டிவெலப்'. 'ஹோட்டல்' என்பதும் அவர்களுக்குப் பின்னசை ஓங்கிய 'ஹொட்டெல்'தான். ஒரே குடும்பத்துச் சொற்களில்கூட அழுத்தம் இடம் மாறும்: ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையிலும், அதை எடுப்பவரைக் குறிக்கும் ஃபொட்டாக்ரஃபர் என்பதில் இரண்டாம் அசையிலும், ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாம் அசையிலும் அது நிற்கும்.

செய்ய வேண்டியது எளிது. நீங்கள் வேலையில் நாள்தோறும் பயன்படுத்தும் சொற்களை, நாற்பது ஐம்பது இருந்தால் போதும், ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டன் உச்சரிப்பு தனியாக ஒலிவடிவில் கிடைக்கிறது. அதைக் கேட்டு, அழுத்தம் பெறும் அசையின் கீழே ஒரு கோடு போடுங்கள். பிறகு கோடு போட்ட அசையை மட்டும் சற்று நீட்டி உரக்கச் சொல்லி, மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுங்கள். முதலில் நாடகத்தனமாகத் தோன்றும், ஆனால் கேட்பவருக்கு அப்படித் தோன்றாது. வேகமாகப் பேசினால் ஆங்கிலம் நன்றாக வரும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அழுத்தம் தவறிய வேகப் பேச்சைவிட, அழுத்தம் சரியான நிதானப் பேச்சு பத்து மடங்கு புரியும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரட்டித்து எழுதிய மெய்யெழுத்து இரட்டித்து ஒலிப்பதில்லை. நாம் 'சம்மர்', 'பட்டர்' என்று ஒற்றை அழுத்தி வாசிக்கிறோம். அங்கே இரண்டாவது எழுத்து, முன்னுள்ள உயிர் குறில் என்பதற்கான அடையாளம் மட்டுமே.

பகரச் சிக்கல்

சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளை ஆங்கிலேயர் மூச்சுக்காற்றோடு வெடித்துச் சொல்வார்கள். தமிழில் 'பழம்' என்னும்போது அப்படிக் காற்று வருவதில்லை. அந்தக் காற்று இல்லாவிட்டால் அவர்கள் காதுக்கு அது 'பந்து' என்பதில் வரும் அதிர்வுள்ள பகரமாகவே கேட்கும். 'பார்க்கில் நடந்தேன்' என்று நாம் சொன்னதை, நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லோடு அவர்கள் குழப்பிக்கொள்வது இதனால்தான்.

தொலைபேசியில் அஞ்சல் குறியீட்டைச் சொல்லும்போது இது வெறும் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை. பிளிமத் நகரத்துக் குறியீடும் போல்டன் நகரத்துக் குறியீடும் முதல் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. பெர்த்தும் போர்ன்மத்தும் அப்படியே. பகரம் தவறினால் பொருள் நாட்டின் மறுகோடிக்குப் போய்ச் சேரலாம். ஆகவே விமானப் போக்குவரத்தில் பயன்படும் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். எழுத்தைச் சொல்லும்போது 'பி ஃபார் பாப்பா', 'பி ஃபார் பிராவோ' என்று சேர்த்தே சொல்லிப் பழகினால் எதிர்முனையில் இருப்பவரும் நிம்மதியடைவார். வீட்டில் பயிற்சி செய்ய, உதட்டுக்கு முன்னே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'பார்க்' என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் அசைய வேண்டும். 'ஸ்பூன்' போல ஸகரத்துக்குப் பின் வரும் பகரத்துக்கு அந்தக் காற்று தேவையில்லை, அங்கே நம் தமிழ்ப் பகரமே சரியாக இருக்கும்.

ஊர்ப்பெயர்கள்

ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பவர் இங்கே எப்போதும் தோற்பார். எழுத்தில் 'லெய்செஸ்டர்' போலத் தெரிவது 'லெஸ்டர்'. 'வொர்செஸ்டர்' போலத் தெரிவது 'வுஸ்டர்'. 'கிரீன்விச்' என்று நாம் பூகோளப் பாடத்தில் படித்தது 'கிரெனிச்'. லண்டனில் 'சவுத்வார்க்' என்று கேட்டால் வழி சொல்பவர் யோசிப்பார், 'ஸதக்' என்றால் உடனே கைகாட்டுவார். தமிழர் மிகுதியாக வாழும் டூட்டிங்கை அடுத்த பேலம், சற்றுத் தள்ளியுள்ள கிளாப்பம், ஸ்ட்ரெட்டம் ஆகியவற்றின் இறுதியில் எழுத்தளவில் 'ஹாம்' இருந்தாலும் ஒலியில் ஹகரம் கிடையாது. ஆனால் ஈஸ்ட் ஹாமில் அது தனிச்சொல்லாக நிற்பதால் முழுமையாக ஒலிக்கும்.

இதற்குக் காரணம் வரலாறுதான். ரோமானியர் தங்கள் படைத்தளங்களுக்கு வைத்த லத்தீன் சொல்லே 'செஸ்டர்' என்ற ஈறாக எஞ்சியிருக்கிறது; அதை நூற்றாண்டுக்கணக்கில் மக்கள் வாயில் தேய்த்துவிட்டார்கள், எழுத்து மட்டும் தேயவில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் பெரிய மாற்றத்தின் நடுவே இருந்தன. அச்சு எழுத்தை உறைய வைத்தது, ஒலியோ தொடர்ந்து நகர்ந்தது. இன்று ஒலிக்காத பல எழுத்துகள் ஒருகாலத்தில் ஒலித்தவையே. சில எழுத்துகள் ஒருகாலத்திலும் ஒலித்ததில்லை: கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள பகர எழுத்து, லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னாளில் நுழைத்தது. இந்த வரலாறு தெரிந்தால் எரிச்சல் குறையுமே தவிர உச்சரிப்பு வந்துவிடாது. அதற்கு லண்டன் பேருந்துகளிலும் ரயில்களிலும் வரும் நிறுத்த அறிவிப்புகளைக் கவனித்துக் கேளுங்கள்; திரையில் எழுத்தும் காதில் ஒலியும் ஒன்றாகக் கிடைக்கும் இதைவிட நல்ல பாடம், அதுவும் இலவசமாக, வேறெங்கும் இல்லை.

ஆமாம், இல்லை

எனக்குத் தெரிந்தவரை தமிழர்களை அதிகமாகத் தடுமாற வைப்பது, எதிர்மறைக் கேள்விக்குச் சொல்லும் பதில். 'நீங்கள் இன்னும் படிவத்தை நிரப்பவில்லையா?' என்று தமிழில் கேட்டால், நிரப்பாதவர் 'ஆமாம், இன்னும் இல்லை' என்று சொல்லலாம். கேட்டவரின் கூற்றை நாம் ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் கூற்றைப் பற்றிக் கவலையில்லை, செயல் நடந்ததா என்பதே கணக்கு. நிரப்பாதவர் 'நோ' என்றும், நிரப்பியவர் 'யெஸ்' என்றும் சொல்ல வேண்டும். வங்கியிலோ வீட்டு முகவரிடமோ 'யூ ஹேவன்ட் சைன்ட் இட் யெட்?' என்ற கேள்விக்குத் தலையாட்டியபடி 'யெஸ்' என்றால், கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று அவர் குறித்துக்கொள்ளக்கூடும். இதற்கு ஒரு பாதுகாப்பான வழி உண்டு: ஒற்றைச் சொல்லில் ஒருபோதும் பதில் சொல்லாதீர்கள். 'நோ, ஐ ஹேவன்ட்' அல்லது 'யெஸ், ஐ ஹேவ்' என்று துணைவினையையும் சேர்த்தே சொல்லுங்கள். 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்று வினையையே பதிலாகத் தரும் பழக்கம் தமிழில் இருப்பதால் இது விரைவில் வசப்படும்.

'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பது இதே வகையில் இன்னும் நுட்பமானது. 'உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபமா?' என்று அவர் கேட்கிறார். நாம் தாராளமாக 'யெஸ், யெஸ்' என்று இடம் காட்டினால், சொல் மறுக்கிறது, கை அழைக்கிறது. 'நோ, நாட் அட் ஆல்' என்பதே இசைவு.

விருந்தோம்பலிலும் இது தொடர்கிறது. தேநீர் வேண்டுமா என்று கேட்டால் முதல் முறை 'வேண்டாம்' என்பது நம் வீடுகளில் மரியாதை. வீட்டார் வற்புறுத்துவார்கள், நாமும் இணங்குவோம். இங்கே முதல் மறுப்பையே இறுதி விடையாக எடுத்துக்கொண்டு, வற்புறுத்துவது அநாகரிகம் என்று கருதி, பேச்சை மாற்றிவிடுவார்கள். வேண்டுமென்றால் உடனே 'யெஸ் ப்ளீஸ்' சொல்லிவிடுங்கள். 'ஐயம் ஆல்ரைட், தேங்க்ஸ்' என்று ஒருவர் உங்களுக்குப் பதில் சொன்னால், அது அவர் நலமாக இருப்பதாகச் சொல்வதன்று, வேண்டாம் என்கிறார். ஆனால் தேதி குறிப்பிடாமல் 'ஒரு நாள் சாப்பிட வாருங்கள்' என்று அவர்கள் சொல்வதை மட்டும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மரியாதை எங்கே இருக்கிறது

தமிழில் மரியாதை வினையின் விகுதியில் இருக்கிறது. 'ஒரு டிக்கெட் கொடுங்கள்' என்பதில் 'உங்கள்' என்ற ஈறே பணிவைச் சொல்லிவிடுகிறது. தனியே 'தயவுசெய்து' என்று சேர்ப்பது பேச்சில் அரிது, சேர்த்தால் அறிவிப்புப் பலகை போல இருக்கும். அதே வாக்கியத்தை 'கிவ் மீ ஒன் டிக்கெட்' என்று ஆங்கிலமாக்கும்போது விகுதி உதிர்ந்துபோய்க் கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. சொல்பவர் மனத்தில் பணிவு, கேட்பவர் காதில் அதட்டல். இதனால் நம்மவர்கள் முரட்டுத்தனமானவர்கள் என்ற தவறான எண்ணம் சக பணியாளர்களிடம் உருவாவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிறிய விஷயத்தால் இவ்வளவு இழப்பு வேறெதிலும் இல்லை. 'குட் ஐ ஹேவ்', 'வுட் யூ மைண்ட்' போன்ற தொடக்கங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, இறுதியில் 'ப்ளீஸ்' சேர்த்து, நாக்கில் தானாக வரும்வரை பழகுங்கள். மாறாக, மேலாளரை 'சார்', 'மேடம்' என்று அழைப்பதை விட்டுவிட வேண்டும். முதற்பெயரால் அழைப்பது தொடக்கத்தில் கூச்சமாக இருந்தாலும், 'சார்' என்பது அங்கே விலகலாகவே படும்.

பிரிட்டன்காரர்கள் சொல்லைக் குறைத்துப் பொருளைக் கூட்டுபவர்கள். 'நாட் பேட்' என்பது பாராட்டு. 'நாட் பேட் அட் ஆல்' என்பது பெரும் பாராட்டு. உங்கள் அறிக்கை 'க்வைட் குட்' என்றால் மகிழ வேண்டாம்; அமெரிக்கர் வாயில் அது 'மிக நன்று', இவர்கள் வாயில் 'பரவாயில்லை'. 'எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்' என்றால் சிக்கல் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். 'யூ மைட் வாண்ட் டு செக் தட் எகெய்ன்' என்று மேலாளர் சொல்வது ஆலோசனை போல ஒலிக்கும் உத்தரவு, அன்றே சரிபார்த்துவிடுங்கள். 'யூ ஆல்ரைட்?' என்பது நலம் விசாரிப்பதன்று, வணக்கம்தான். 'யா, யூ?' என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போகலாம்.

தமிழுக்குள் இருக்கும் ஆங்கிலம்

தமிழில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களை அப்படியே திருப்பிக் கொடுத்தால் சில சமயம் செல்லாது. நமக்கு ஹோட்டல் சாப்பிடுமிடம், இங்கே தங்குமிடம். 'கரண்ட் போய்விட்டது' என்பதற்கு இங்கே 'பவர் கட்'. கடையில் 'பேண்ட்ஸ்' கேட்டால் உள்ளாடைப் பகுதியைக் காட்டுவார்கள், 'ட்ரவுசர்ஸ்' என்று கேட்க வேண்டும். ஆண் ஒருவர் புது 'டிரெஸ்' வாங்கினேன் என்றால் புருவம் உயரும். வேடிக்கை என்னவென்றால், மாற்றுச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்பது வேல்ஸின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் பிறந்த நிறுவனத்தின் பெயரால். இன்று லண்டன் மெக்கானிக்கிடம் அதைச் சொன்னால் கிழக்கு லண்டனில் உள்ள ஸ்டெப்னிக்கு வழி கேட்கிறீர்கள் என்றே நினைப்பார்.

இவற்றைவிடக் கவனம் வேண்டுவது 'டவுட்'. கூட்டத்தில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் விளக்கம் கேட்பதாக அவர்கள் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சொன்னதை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'க்வெஸ்சன்' என்றே சொல்லுங்கள். கல்லூரியிலிருந்து 'பாஸ்ட் அவுட்' ஆனதாக நேர்முகத்தேர்வில் சொல்லாதீர்கள், மயங்கி விழுந்ததாகப் பொருள்படும்.

மருத்துவரிடம்

மருத்துவரின் அறையில் மொழி தவறினால் விலை அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். குடும்ப மருத்துவரின் நிலையத்துக்கே இங்கே 'சர்ஜரி' என்று பெயர்; அங்கே வரச் சொன்னால் அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டாம். காய்ச்சலை 'சிக்' என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது, 'ஐ வாஸ் சிக்' என்றால் வாந்தியெடுத்தேன். மூன்று நாள் காய்ச்சலை மூன்று நாள் வாந்தியாக மருத்துவர் குறித்துக்கொண்டால் கேள்விகள் வேறு திசையில் போய்விடும். காய்ச்சலுக்கு 'ஐ ஹேவ் எ டெம்பரேச்சர்' என்பது போதும். 'மை லெக் இஸ் பெய்னிங்' என்பதற்கு 'மை லெக் ஹர்ட்ஸ்', 'லூஸ் மோஷன்' என்பதற்கு 'டயரியா'.

அவர்கள் பேச்சிலும் சில புதிர்கள் உண்டு. 'ஹவ் ஆர் யூ இன் யுவர்செல்ஃப்?' என்றால் குறிப்பிட்ட நோயை விட்டுப் பொதுவாக உடலும் மனமும் எப்படி என்று கேட்கிறார். 'வாட்டர்வொர்க்ஸ்' பற்றிக் கேட்டால் வீட்டுக் குழாயைப் பற்றியன்று, சிறுநீர் போவதைப் பற்றி. 'பாப்' என்ற சொல் எங்கும் வரும்: 'பாப் யுவர் கோட் ஆஃப்', 'பாப் அப் ஆன் த கௌச்', 'பாப் பேக் நெக்ஸ்ட் வீக்'. கழற்றுவதோ ஏறிப் படுப்பதோ மறுபடி வருவதோ பெரிய காரியமில்லை என்று தோன்றச் செய்வதே அதன் வேலை. புரியாவிட்டால் வெட்கப்படாமல் எழுதித் தரச் சொல்லுங்கள், பிரிட்டன் அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளிலும் நிலையங்களிலும் முன்கூட்டியே சொன்னால் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்வார்கள், பெரும்பாலும் தொலைபேசி வழியாக, கட்டணமின்றி.

நேரமும் வட்டாரமும்

'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. நம் சொல்லமைப்பையே ஒத்திருப்பதால் தமிழருக்கு இது எளிது. ஜெர்மானியர்தான் ஆறரைக்கு வந்து காத்திருப்பார்கள், ஏனெனில் அவர்கள் மொழியில் அதே தொடர் ஆறரையைக் குறிக்கும். 'ஃபோர்ட்நைட்' இரண்டு வாரம். 'டியூஸ்டே வீக்' என்றால் வரும் செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதால் தேதியைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வடக்கே போகப் போக இது மாறும். அங்கே பல வீடுகளில் 'டின்னர்' மதிய உணவு, 'டீ' மாலை ஐந்தரை ஆறு மணிக்குச் சாப்பிடும் முழு உணவு. அழைத்தவர் வீட்டுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். யார்க்‌ஷயரில் முதியவர் ஒருவர் கடை 'நைன் வைல் ஃபைவ்' திறந்திருக்கும் என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை. தெற்கு வேல்ஸில் 'நௌ இன் எ மினிட்' என்றால் இப்போதுமில்லை, ஒரு நிமிடத்திலுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து.

முன்பின் தெரியாத கடைக்காரப் பெண்மணி உங்களை 'லவ்' என்று அழைப்பதும், நாட்டிங்ஹம், டார்பி பக்கம் 'டக்' என்பதும், நியூகாசிலில் 'பெட்' என்பதும், கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்' என்பதும் வெறும் விளிச்சொற்கள். நெருக்கமோ கேலியோ அவற்றில் கிடையாது. அவற்றைத் திருப்பிச் சொல்ல முயல வேண்டாம், வெளியூர்க்காரர் வாயில் அவை ஒட்டுவதில்லை. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு 'தேங்க்யூ' என்றால் போதும்.